மாமாவின் மீசை

அம்மா நயினாதீவில் செத்துப்போன அன்று, வேலணையிலிருந்து என்னைப் போகவிடாமல் தடுத்தவர் என் கணவரின் தகப்பன்.

"சோளகக் காத்து அடிக்குது. வள்ளம் ஒண்டும் ஓடேல்லையாம், பிள்ளை."

கணவர் தெற்கே காலி நகரத்தில் ஒரு கடையில் வேலை. நான் அதிகம் கதைக்கிறவள் அல்ல. நம்பிக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன். எட்டாம் நாள் சடங்குக்குப் போனபோதுதான் வள்ளக்காரர் சொன்னார்: "அண்டைக்கு விடிய இருந்து பொழுதுபடும் வரைக்கும் ஓடினனாங்கள், தங்கச்சி. உம்மைத்தான் காணேல்லை."

எங்கள் கலியாணத்தில் அம்மா வீட்டார் மாமாவை இரண்டாம் பந்தியில் இருத்தினார்களாம். அந்தக் கோபத்தை ஒரு பிணத்திடம் தீர்த்திருக்கிறார். அம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. பக்கத்து வளவுக்காரர்தான் மீசை மழித்துக் கொள்ளி வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மயிரும் விழவில்லை.

அந்த மாரியில் மாமாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. மலாயாவிலிருந்து கொண்டுவந்த மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்கிறவர் அவர். ஊரில் சவரம் செய்கிறவரை முன்பே ஏசித் துரத்தியிருந்தார். அந்த மனிதர் இனி எங்கள் வாசல் படலையைத் திறக்கமாட்டார். கத்தி என் கைக்கு வந்தது.

முதலில் நீத்துப்பூசணிப் பிஞ்சில் பழகினேன். அதன் தோலில் மயிர் போலச் சுணை நிறைய இருக்கும். சவுக்கார நுரை பூசி, கத்தியைப் படுக்கையாக வைத்து இழுத்தால் சுணை மட்டும் வரவேண்டும். கத்தி கொஞ்சம் நிமிர்ந்தாலும் தோல் கீறுப்படும். கீறுப்பட்டதெல்லாம் கறிக்குப் போனது. அதையும் மாமாதான் தின்றார்.

வாய் கோணியிருந்தாலும் அவருக்குக் கதை குறையவில்லை. "பூசணிக்காய் எண்டு நினைச்சு இழுக்காதை. இது ஆம்பிளையின்ரை முகம்."

"ஓம் மாமா."

கத்தி அவருடைய தொண்டைக்குழிக்கு வரும்போதும் படுக்கையாகவே இழுத்தேன். அவருடைய உயிர் எனக்கு வேண்டாம். அம்மாவுக்காக அவர் துக்கம் காக்க வேண்டும், அதுதான் வேண்டும்.

அம்மா செத்து ஒரு வருசம், ஆட்டைத் திவசம் வந்தது. போகட்டுமா என்று கேட்டேன்.

"செத்தவளுக்குச் சோறு படைக்க நீ போனால், உயிரோடை கிடக்கிற எனக்கு ஆர் கஞ்சி தாறது?"

"ஓம் மாமா."

திவசத்தன்று விடிய அவரைக் கதிரையில் சாய்த்து, துவாய் போர்த்தி, கன்னம் இரண்டையும் வழித்தேன். பிறகு மேலுதட்டில் நுரையைப் பூசினேன்.

"அங்கை ஏன்?"

"கதையாதேங்கோ மாமா. வெட்டுப்பட்டிடும்."

மூக்கின் கீழிருந்து ஒரு இழுவை. மற்றப் பக்கம் இன்னொரு இழுவை. நரைத்த மீசை துவாயில் கிடந்தது. அவருடைய இடக்கை மேலுதட்டைத் தடவித் தடவிப் பார்த்தது. நான் கத்தியைக் கழுவி மடித்தேன்.

பின்னேரம் அவருடைய கூட்டாளி ஒருவர் பார்க்க வந்தார். "என்ன அண்ணை, மீசையை எடுத்திட்டியள்? ஆர் செத்தது?"

மாமா சுவர்ப்பக்கம் திரும்பினார். வந்தவர்களுக்கு முன்னால் நிற்கக் கூசுகிற நான் குசினியிலிருந்து வெளியே வந்தேன்.

"என்ரை அம்மா," என்றேன்.

அவர் சாகும்வரை அந்த மீசையை நான் முளைக்க விடவில்லை.