அடுத்த கார்னிவலுக்குக் கொடுத்த சத்தியம்

ரைன் நதிக்கரையில் எங்கள் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த பால்தஸ் ஷ்லோமருக்குக் கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருந்ததே கிடையாது. சவரக் கத்தி, வாய் இரண்டில் எது கூர்மை என்று யாராவது கேட்டால் அவன் மனைவி திரீனா யோசிக்காமல் சொல்லிவிடுவாள்.

"கத்தியையாவது அப்பப்ப சாணை பிடிக்கணும். இந்த மனுசன் வாய்க்கு அதுவும் வேணாம்."

அந்த வாய்க்கு எங்கள் ஊரில் ஒரு சிம்மாசனமே இருந்தது. தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவல் நாட்களில் மண்டபத்து மேடையில் பெரிய ஒயின் பீப்பாய் ஒன்றை நிறுத்துவோம். கோமாளித் தொப்பி போட்டவன் அதற்குள் நின்றுகொண்டு யாரை வேண்டுமானாலும் கிழிகிழியென்று கிழிக்கலாம். கிழிபட்டவன் கோபப்படக் கூடாது. சிரிக்க வேண்டும், மேடையேறி வந்து கோமாளியின் கழுத்தில் தகரப் பதக்கமும் மாட்ட வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவனை ஊர் வருஷம் முழுக்க ஓட்டும். மேயர் மாட்டினார், பாதிரியார் மாட்டினார். போருக்குப் பிறகு ஊரைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சு ராணுவ அதிகாரிகூட, பாதி புரியாமலேயே பல்லைக் காட்டிக்கொண்டு வந்து மாட்டினார்.

பால்தஸ் பேசியவற்றில் பாதி, தச்சன் லாம்பெர்ட் எஸ்ஸர் எழுதியது. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் ஒட்டிக்கொண்டவர்கள். லாம்பெர்ட் சோஷலிஸ்ட். கூட்டம், கோஷம், துண்டறிக்கை என்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பான். பால்தஸுக்கோ அரசியல் என்பது இலவசமாகக் கிடைக்கும் நகைச்சுவை, அவ்வளவுதான். அதற்குப் பஞ்சமும் இல்லை. குடியரசு வந்ததிலிருந்து அரசாங்கங்கள் வந்த வேகமும் போன வேகமும் அப்படி. சுவர்களில் பழைய தேர்தல் சுவரொட்டி காய்வதற்குள் அதன் மேலேயே அடுத்த தேர்தலுடையதை ஒட்டிவிடுவார்கள்.

"எங் கடைக்கு வந்து உக்காந்தா, இந்தக் கன்னம் வழிக்கிறப்ப ஒரு பிரதமர், அந்தக் கன்னம் வழிக்கிறப்ப வேற பிரதமர்" என்பான் பால்தஸ். "அதான் நான் யாருக்கும் ஓட்டே போடறதில்ல. வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள அந்த ஆளு இருக்க மாட்டான்."

"சிரிடா, நல்லா சிரி" என்பான் லாம்பெர்ட். "எல்லாரும் இப்படிச் சிரிச்சிட்டே இருந்தா ஒரு நாள் ஓட்டுப் பெட்டியையே தூக்கிட்டுப் போயிருவானுங்க."

"போகட்டுமே. அதை வச்சும் ஒரு ஜோக் எழுதிக் குடு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷக் கார்னிவல் வந்தது. பழுப்புச் சட்டைக்காரர்களின் தலைவர் பிரதமராகி ஒரு மாதம்கூட முடியவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சட்டை போட்டவர்களுக்குப் பெரியவன் கசாப்புக் கடை கஸ்பார் நெல்லஸ். போன வருஷம்வரை கார்னிவல் ஊர்வலத்து வேஷக் காவல்படையில் இறகுத் தொப்பியோடு மரத் துப்பாக்கி தூக்கி நடந்தவன்தான். அவன் சட்டை மாற்றியதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு வேஷம் போடும் ஊரில் இதுவும் ஒரு வேஷம் என்று விட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் எள் விழ இடமில்லை. பால்தஸ் பீப்பாயில் ஏறினான்.

"ஜனங்களே! எந் தொழிலே மாறிப் போச்சு. வர்றவன் எல்லாம் மீசையில இந்தப் பக்கம் எடு, அந்தப் பக்கம் எடு, மூக்குக்குக் கீழ மட்டும் தபால் தலை அளவுக்கு விடுங்கிறான். இதோட நிக்குமா? அடுத்து வாயையும் எடுக்கச் சொல்வாங்க! அப்புறம் நம்ம கஸ்பார், ஜெர்மனியைச் சுத்தம் பண்ணப் போறாராம். ஐயா, ஜெர்மனி இருக்கட்டும். முதல்ல உங்க சாசேஜுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க!"

மண்டபம் அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள், ஒரு கிழவிக்குப் பல்செட்டே கழன்றது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் கஸ்பார். கண்ணில் நீர் வழிய மேடையேறி பால்தஸைக் கட்டிப்பிடித்துப் பதக்கம் மாட்டினான். அதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் அப்படியொரு நிம்மதி. தன்னைக் கிண்டலடித்தால் சிரிக்கிறவன் நம்மை என்ன செய்துவிடப் போகிறான்? அன்று இரவு முழுவதும் ஆடினோம்.

நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது பெர்லினில் பாராளுமன்றம் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் வானொலியில் சொன்னபோது அதுவும் கார்னிவல் புளுகு என்று பலர் கண்ணடித்தார்கள். அதற்கு அடுத்த நாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். நெற்றியில் சாம்பல் சிலுவையும் தலைக்குள் பீர் வலியுமாகப் பால்தஸ் தேவாலயத்திலிருந்து திரும்பும்போது திரீனா தெருவிலேயே வழிமறித்தாள்.

"லாம்பெர்ட்டைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்கய்யா. கஸ்பார் ஆளுங்க. ஸ்டேஷன்ல வச்சிருக்காங்களாம்."

"கஸ்பாரா? இதோ ரெண்டு ஜோக்குல கூட்டியாந்துர்றேன், பாரு" என்று அப்படியே திரும்பி நடந்தான். அவன் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. அதைவிட்டால் அவனிடம் வேறு ஆயுதமும் இல்லை.

காவல் நிலையத்தில் கஸ்பார் கையில் வெள்ளைப் பட்டை கட்டி, இடுப்பில் நிஜத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். இப்போது அவனும் போலீஸாம். உள் அறையிலிருந்து யாரோ இருமும் சத்தம் கேட்டது. அந்த இருமல் பால்தஸுக்கு நன்றாகத் தெரியும்.

"எதுக்குடா அவனை வச்சிருக்க?"

"பாதுகாப்புக் காவல். அவனோட பாதுகாப்புக்குத்தான்."

"யார்கிட்டயிருந்து?"

"எங்ககிட்டயிருந்துதான்" என்றான் கஸ்பார். அவன் ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

சிரிப்பைக் கேட்டதும் பால்தஸுக்கு உயிர் வந்துவிட்டது. அங்கே கிடந்த நிலக்கரி வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினான். பாதிரியாரைப்போல் மூக்கால் பேசினான், மேயரைப்போல் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நடந்தான், கசாப்புக் கடையில் ஒரு கிழவி கால் கிலோ ஈரலுக்குப் பேரம் பேசுவதைக் கஸ்பாரின் குரலிலும் கிழவியின் குரலிலும் மாறி மாறி நடித்தான். வாய் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. கஸ்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"போதும்டா, செத்துருவேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, விட்டுர்றேன். ஆனா அடுத்த கார்னிவல்ல நான் சொல்றவங்களைப் பத்தித்தான் பேசணும். உள்ள இருக்கானே, அவனை மாதிரி ஆளுங்களைப் பத்தி. மாட்டேன்னா இவன் திரும்ப உள்ள வருவான். சத்தியம் பண்ணு."

பால்தஸுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்த கார்னிவலா! இந்த நாட்டில் எந்த அரசாங்கம் அடுத்த கார்னிவலைப் பார்த்திருக்கிறது? ஓட்டைப் பானையை விற்கிறவனிடம் முழு விலைக்கு ஏமாறுகிறானே என்று கஸ்பார்மேல் பரிதாபம்கூட வந்தது.

"ஒண்ணு என்ன, பத்து சத்தியம் பண்றேன்" என்று கையில் அடித்துக் கொடுத்தான்.

லாம்பெர்ட் வெளியே வந்தபோது உதடு கிழிந்து முன்பல் ஒன்று போயிருந்தது. என்ன சத்தியம் என்று பால்தஸ் சொன்னதும் அவனும் அந்த ஓட்டைப் பல்லோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"அடுத்த வருஷமா? அதுக்குள்ள நாலு பிரதமர் மாறியிருப்பானுங்கடா!"

"நாலா? கஞ்சத்தனம் பண்ணாத. ஆறு!"

தோளில் கை போட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மீன் பொரிக்கும் வாசனை வந்த ஒவ்வொரு சமையலறை ஜன்னலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. திரீனா மட்டும் சிரிக்கவில்லை.

"ஆறாவது ஆளும் இவனாவே இருந்தா?" என்றாள்.

"வாயைக் கழுவுடி" என்றான் பால்தஸ்.

பிரதமர் மாறவே இல்லை. வசந்தத்தில் தொழிற்சங்கம் போயிற்று, கோடையில் லாம்பெர்ட்டின் கட்சி போயிற்று, பின்னாலேயே மற்றக் கட்சிகளும் போயின. நவம்பரில் மறுபடி தேர்தல் என்றபோது பால்தஸ் ஆசையாய் ஓடினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப் போட அவ்வளவு அவசரம். சீட்டை விரித்தால் ஒரே ஒரு கட்சிதான் இருந்தது. எங்கள் கார்னிவல் சங்கத்துக்கு அதுவரை கைதூக்கித்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். அந்த வருஷம் யாரும் கை தூக்கவில்லை. கஸ்பார் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

கார்னிவலுக்கு முந்தின வாரம் லாம்பெர்ட் சவரத்துக்கு வந்தான். பால்தஸ் ஒரு கன்னத்தை வழித்துவிட்டுக் கத்தியை நிறுத்தினான்.

"நான் பீப்பாய்ல ஏறலடா" என்றான். "கால் உடைஞ்சு போச்சுன்னு சொல்லிர்றேன்."

"உன் கால் உடைஞ்சா எனக்கு என்ன உடையும்னு யோசிச்சியா? மூணு பிள்ளைங்கடா எனக்கு. பேசிரு. நல்லா பேசு. அரைகுறையா பேசினா கண்டுபிடிச்சிருவான்."

பால்தஸ் நல்லாவே பேசினான். அவனுக்கு மோசமாகப் பேசத் தெரியாது.

"நம்ம தச்சன் லாம்பெர்ட் இருக்காரே, இருபது வருஷமா எல்லாரும் சமம், எல்லாரும் சமம்னு கத்தினார். ஒருத்தரும் கேக்கல. ஸ்டேஷன்ல ஒரே நாள் வச்சிருந்தாங்க, கத்துக்குடுத்துட்டாங்க. அங்க எல்லாருக்கும் ஒரே சூப்பு, ஒரே அறை, ஒரே உதை!"

மண்டபம் போன வருஷத்தைப்போலவே அதிர்ந்தது. மேசைகளைத் தட்டினார்கள், தரையை உதைத்தார்கள். அத்தனை சிரிப்பும் வழக்கம்போல் ஜிவ்வென்று தலைக்கேறியது. வெட்கக்கேடு, அந்த ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பிறகுதான் அவன் கண் முன்வரிசைக்குப் போயிற்று.

லாம்பெர்ட் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லோரையும்விட உரக்க, முழங்காலில் ஓங்கி ஓங்கித் தட்டியபடி, முகமெல்லாம் சிவக்கச் சிரித்தான். ஆனால் பீப்பாய்ப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. தான் சிரிப்பதைக் கஸ்பார் பார்க்கிறானா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.