சுறா எண்ண பூசுன செவப்புக் காரு

எங்க வூட்ல இரும்புன்னு எது கீதோ அதெல்லாம் துரு. திருவொற்றியூர்ல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி குடியிருந்தா அப்படித்தான். ஜன்னல் கம்பிய புடிச்சா கை செவந்துடும். ஃபிரிட்ஜுக்கு ரெண்டு கால் உதிர்ந்து போயி செங்கல் மேல நின்னுகினு இருந்துது. என் சைக்கிள நான் பூட்டவே மாட்டேன். எவனாவது தூக்கினு போனாலும் பாதி வழியில வெறுத்துப் போயி திருப்பிக் கொண்டாந்து வெச்சுடுவான்.

அப்போ எனக்கு எர்ணாவூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுல டாலி கிளார்க் வேல. கப்பல்லேர்ந்து வர்ற பொட்டி எது உள்ள வந்துது, எது வெளிய போச்சுன்னு நம்பர் பாத்து எழுதணும். நிமிந்து பாத்தா பொட்டி, குனிஞ்சா பேப்பரு. ஆறு வருசமா டெம்பரரி. அந்த வருசம் பர்மனென்ட் பண்றதா பேச்சு அடிபட்டுகினு இருந்துது. அதனால மேனேஜரு தும்முனாகூட நான் கைக்குட்டைய எடுத்துகினு ஓடுவேன்.

ஒரு நாள் காலைல, கஸ்டம்ஸ் ஆளுங்க பாக்கறதுக்காக ஒரு பொட்டிய தொறந்தாங்க. உள்ளேர்ந்து ஒரு செவப்புக் கார தள்ளிகினு வந்தாங்க. என் இடுப்பு உயரம் கூட இல்ல. முன்பக்கம் பாத்தா தரையில படுத்துகினு மோப்பம் புடிக்கிற மாதிரி கீது. பின்னாடி கண்ணாடி வழியா என்ஜின் தெரியுது. அவ்ளோ சுத்தமான இரும்ப நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல. எப்பவும் கத்திகினு கெடக்குற லோடு ஆளுங்க கையில இருந்தத கீழ வெச்சிட்டு சுத்தி வந்து நின்னாங்க. ஒருத்தன் மட்டும் சட்டைய கழட்டி கைய நல்லா தொடச்சிகினு வந்தான். அப்புறம் கூட தொடல. பக்கத்துல நின்னு பாத்துட்டு சட்டைய மறுபடியும் மாட்டிகினு போயிட்டான்.

வரி எவ்ளோன்றதுல கேஸு. முடியற வரைக்கும் காரு எங்க யார்டு ஷெட்டுல தான் நிக்கணும். ஷெட்டுன்னா மேல தகரம், ரெண்டு பக்கம் செவுரு. மத்த ரெண்டு பக்கம் கடல் காத்து.

மேனேஜரு என்ன கூப்ட்டாரு.

"இது உன் பொறுப்பு. ஒரு பொட்டு துரு தெரிஞ்சுது, பர்மனென்ட மறந்துடு. டெம்பரரியும் கெடையாது, வூட்டுக்குப் போயிடலாம்."

காருக்கு சொந்தக்காரரு மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவாரு. அறுபது வயசு இருக்கும். வளைகுடாவுல முப்பது வருசம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கவுன்டருக்குப் பின்னாடி நின்னவரு. அடுத்தவன் காருக்கெல்லாம் திருகாணி எடுத்துக் குடுத்து, கடைசியில ஊர் திரும்பறப்போ தனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டாரு. வந்தா கைய பின்னாடி கட்டிகினு காரு எதிர்ல நிப்பாரு, அவ்ளோதான். ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்கள பாக்க வந்தவங்க நிப்பாங்களே, அந்த மாதிரி.

"கேஸு முடிஞ்சா நல்லா ஓட்டலாம் சார்"னு ஒரு ஆறுதலுக்கு சொல்லி வெச்சேன்.

என்ன ஒரு மாதிரி பாத்தாரு. "ஓட்டறதா? இது நாப்பத்தொரு கிலோமீட்டர் தான் ஓடியிருக்கு. அங்க கடையிலேர்ந்து கப்பல் வரைக்கும். அது அப்படியே இருக்கணும். வீட்ல இதுக்குன்னு கண்ணாடி ரூம் கட்டி ஏசி போட்டு வெச்சிருக்கேன்."

எனக்கு அது ரொம்ப நியாயமா பட்டுது. கடவுள் மாதிரி ஒரு பொருள் கெடச்சா கும்புடணும், ஏறி உக்காரக் கூடாது. ஆனா அத வூட்ல சொன்னப்போ என் பொண்டாட்டியோட தம்பி வுழுந்து வுழுந்து சிரிச்சான். அவன் மீன் புடிக்க கடலுக்குப் போறவன், சொந்தமா ஒரு ஃபைபர் போட்டு வெச்சிருக்கான்.

"இன்னா மாமு, மீன வாங்கியாந்து செவுத்துல மாட்டி வெப்பானா அந்தாளு?"

"உனுக்கு இன்னா தெரியும் மச்சான். அது சாமானியமான வண்டி இல்ல."

"என்ஜின் தான அது? அலை ஒடையற எடத்துல என்ஜின பாதி தொறந்துகினு போனா போட்டு கவுந்துடும். முழுசா தொறந்தாதான் தாண்டலாம். தெனம் அடிச்சி ஓட்டிட்டு வருவேன். வந்தவுடனே நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, சுறா எண்ணய தடவி வெப்பேன். வந்து பாரு, ஏழு வருசமா ஒரு பொட்டு துரு கெடையாது."

அவன் சொன்னதுல என் காதுல வுழுந்தது கடைசி பாதி தான். சுறா எண்ண.

சுறா ஈரல காய்ச்சி எடுப்பாங்க. அடுத்த தெருவுல மூடிய தொறந்தா இந்தத் தெருவுல தெரியும். மச்சான் கிட்ட ஒரு கேன் வாங்கினு போயி, பழைய வேட்டிய கிழிச்சி, சனிக்கெழமைக்கு சனிக்கெழம அந்தக் காருக்கு எண்ண தேச்சி வுட்டேன். மேல, கீழ, இண்டு இடுக்கு ஒண்ணு வுடல. சக்கரத்துக்குள்ள கைய வுட்டுப் பாத்தா வட்டமா ஒரு தட்டு. காருலயே மொதல்ல துரு புடிக்க ஆரம்பிச்சது அதுதான். எதுக்குன்னு தெர்ல, பளபளன்னு அழகுக்கு வெச்சிருப்பானுங்கன்னு நெனச்சேன். நான் ஓட்டறது மொபெட். அதுக்கெல்லாம் அந்த மாதிரி தட்டு கெடையாது. அதுக்கு மட்டும் ரெண்டு தடவ தேச்சேன்.

அதுக்கப்புறம் துரு வர்ல. மத்ததெல்லாம் வந்துது. மொதல்ல பூனைங்க. எண்ணூர் வரைக்கும் சொல்லி அனுப்புன மாதிரி வந்து காரு அடியில படுத்துகினு கெடந்துதுங்க. அப்புறம் ரோட்டுப் புழுதி, கரித்தூள். எண்ண பிசின் மாதிரி ஆயி, அது மேல எல்லாம் ஒட்டிகினு, மழ சீசன் முடியறப்போ அந்த செவப்புக் காருக்கு கருப்பா ரோமம் மொளச்சிருந்துது. நான் எண்ண தேச்ச அந்த மூணு மாசமும் சொந்தக்காரருக்கு கண்ணு ஆபரேசன், வர்ல. என் நல்ல நேரம்னு சொல்லக் கூடாது, ஆனா நல்ல நேரம் தான்.

கேஸு முடிஞ்சிடுச்சி, ரெண்டு நாள்ல வர்றாருன்னு சேதி வந்துது. வூட்ல போயி மூஞ்ச தொங்கப் போட்டுகினு உக்காந்தேன். பொண்டாட்டிக்கு அது ஒரு விசயமாவே தெர்ல. "எண்ண தேச்சா இன்னாத்த போட்டுக் குளிப்ப? அதையே போடு. சீயக்கா வாணாம், கீறிடும். கடல மாவு எடுத்துகினு போ."

கடல மாவு, வெந்நீரு, என்னோட மிச்சம் மீதி வேட்டி. ரெண்டு நாளு தேச்சேன். ரெண்டாம் நாளு மத்தியானம் முன் கதவுல ஒரு கையகலம் செவப்பு தெரிஞ்சுது. அப்படியே நின்னுட்டேன். எட்டு மாசம் உப்புக் காத்துல நின்ன பொருள், அன்னிக்கு பொட்டியிலேர்ந்து எறங்குன மாதிரியே கீது. என் மூஞ்சி அதுல தெரிஞ்சுது. அந்த மூஞ்சி தான் கொஞ்சம் பழசாயி இருந்துது.

சொந்தக்காரரு வந்த அன்னிக்கு லாரி ஸ்டிரைக் மூணாவது நாளு. கார மேல ஏத்திகினு போற வண்டிக்காரன் வரமாட்டேன்னுட்டான். "பரவால்ல, ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்"னாரு. கூட கோயமுத்தூர்லேர்ந்து ஒரு மெக்கானிக்கு. ரேஸ் வண்டிங்கள பாக்கறவரு. புது பேட்டரி, புது பெட்ரோலு, டெம்பரரி நம்பர் எல்லாம் கையோட கொண்டாந்திருந்தாரு. அவரு கார சுத்தி வந்தாரு, குனிஞ்சி மோந்து பாத்தாரு, என்ன பாத்தாரு.

"ஏனுங்க, இங்க பக்கத்துல மீன் மார்க்கெட்டுங்களா?"

"கடலே பக்கம் தான் சார்."

சாவிய திருப்பினாரு. மொதல் தடவ ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தடவ என்ஜின் கெளம்பிடுச்சி, ஷெட்டு தகரம் மொத்தமும் ஒரு தடவ அதிர்ந்து நின்னுது. அடியில கெடந்த பூனைங்க எப்போ போச்சு, எந்தப் பக்கம் போச்சுன்னே தெர்ல. அந்த வயசானவரு ஒரு கைய தூணு மேல வெச்சி புடிச்சிகினாரு.

மெக்கானிக்கு கார மெதுவா வெளிய எடுத்தாரு. நடக்கற வேகம் தான். நேரா ஒரு நீல கலர் பொட்டி நின்னுகினு இருந்துது. அவரு பிரேக்க அமுக்குனாரு. காரு காதுல வாங்கல. அது பாட்டுக்கு போவுது. கடைசியில கை பிரேக்க இழுத்தாரு. பொட்டிக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு சாண் வுட்டு நின்னுது.

எறங்குனாரு. சக்கரத்துக்குள்ள வெரல வுட்டு எடுத்து மோந்தாரு. அப்புறம் அந்த வெரல என் மூக்குக்கு நேரா நீட்டுனாரு.

"இந்தத் தட்டு என்னதுன்னு தெரியுங்களா?"

"அழகுக்கு சார்."

"இதாங்க பிரேக்கு."

எல்லாத்தையும் சொல்லிட்டேன். மச்சான், சுறா, சனிக்கெழம, கடல மாவு, ஒண்ணு வுடாம. எங்க மேனேஜரு மூஞ்சிய பாக்க பயந்து தரையப் பாத்தே சொன்னேன். ஆறு வருச வேல அந்த ஒரு சாணுல நின்னுகினு இருந்துது.

மெக்கானிக்கு பிரேக்கு கட்டைங்கள கழட்டி பெட்ரோல்ல தொடச்சாரு, உப்புத்தாள் போட்டு தேச்சாரு. "உள்ளார எண்ண குடிச்சிருக்குதுங்க. புதுசு வெளிநாட்டுல இருந்து வரோணும், ரெண்டு மூணு மாசம் ஆகும். இல்லீன்னா ஒரே வழிதான். வேகமா ஓட்டி ஓட்டி பிரேக் அடிக்கோணும். சூட்டுல எண்ண எரிஞ்சு போயிரும்."

"வேகமான்னா?" சொந்தக்காரரு கேட்டாரு.

"இந்த வண்டி எதுக்கு செஞ்சாங்களோ அந்த வேகமுங்க."

அவரு ஷெட்டயும் காரயும் மாத்தி மாத்தி பாத்தாரு. இன்னும் மூணு மாசம் இந்தக் காத்துல நிக்க வெக்கறதா, அந்த நாப்பத்தொரு கிலோமீட்டர் கணக்க வுடறதா. அப்புறம் என் பக்கம் திரும்புனாரு. "ஓட்டுங்க. இவன பக்கத்துல உக்கார வெச்சி ஓட்டுங்க. பிரேக் புடிக்கலன்னா மொதல்ல இவனுக்குத் தெரியட்டும்."

அது தண்டனையாம். என் வாழ்க்கையிலயே கெடச்ச பெரிய பரிசு அது. நியாயமா அழ வேண்டிய நேரத்துல பல்ல காட்டக் கூடாதுன்னு உதட்ட கடிச்சிகினு ஏறுனேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ட நான் ஆறு வருசமா தெனம் பாக்கறேன். எப்பவும் டிரெய்லருங்க வரிசையா நின்னுகினு, டிரைவருங்க அடியில அடுப்பு வெச்சி சோறாக்கிகினு இருப்பாங்க. அன்னிக்கு ஸ்டிரைக்குல ஒரு வண்டி இல்ல. ரோடு அவ்ளோ அகலம்ன்றதே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு பக்கம் பாறாங்கல்லு, அதுக்கு அந்தாண்ட கடல். இன்னொரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு.

மெக்கானிக்கு கால அமுக்குனாரு. என்ன யாரோ நெஞ்சுல கைய வெச்சி சீட்டோட அழுத்துன மாதிரி இருந்துது. என்ஜினு என் பின்மண்டைக்கு ஒரு முழம் பின்னாடி. அந்த சத்தம் முதுகெலும்பு வழியா ஏறி பல்லுல வந்து நின்னுது. பாறைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு ஒரே கருப்புக் கோடா ஓடுது. நான் எதையோ புடிக்கணும்னு தேடுறேன், புடிக்க ஒண்ணும் இல்ல. எங்க மச்சான் அலைய தாண்டறதுக்கு முழுசா தொறப்பேன்னு சொன்னது இன்னான்னு அப்போதான் ஒடம்புக்குப் புரிஞ்சுது.

அப்புறம் பிரேக்கு. மொத தடவ பேருக்குத்தான் புடிச்சுது. சக்கரத்துலேர்ந்து பொக வந்துது. காருக்குள்ள மொத்தமும் சுறா வறுக்கற வாசன.

"வாசம் நல்லாத்தான் இருக்குதுங்க"ன்னாரு அவரு, ரோட்ட பாத்துகினே.

மறுபடியும் அமுக்குனாரு, மறுபடியும் பிரேக்கு. பாறாங்கல்லு மேல மீன் வல பின்னிகினு இருந்தவங்க எழுந்து நின்னு பாத்தாங்க. பத்து தடவ, பதினஞ்சு தடவ. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியா புடிச்சுது. கடைசி தடவ புடிச்சதுல என் நெத்தி முன்னாடி போயி இடிச்சுது. அவ்ளோ சந்தோசமா நான் எங்கயும் இடிச்சிகினதில்ல. எட்டு மாசம் பூச போட்டு வெச்ச பொருள் இன்னான்னு ஒரு மண்ணும் எனக்குத் தெரிஞ்சிருக்கல. படுத்துகினு கெடந்தப்போ அது அழகு, சரி. ஓடறப்போ அதுக்கு உசுரு இருந்துது.

யார்டுக்குத் திரும்புனா, சொந்தக்காரரு கேட்டுக்கு வெளிய ரோட்டுல வந்து நின்னுகினு கீறாரு. வெயில்ல, தலைக்கு ஒண்ணும் இல்லாம.

"அந்த சத்தம் நம்ம வண்டியா?"

"ஆமாங்க"ன்னாரு மெக்கானிக்கு.

"இங்க வரைக்கும் கேட்டுது." கொஞ்ச நேரம் போனட்டு மேல கை வெச்சிகினு இருந்தாரு. அவரு அத தொட்டு நான் பாத்தது அதான் மொத தடவ. "பிரேக் புடிக்குதா?"

"புடிக்குதுங்க."

"எறங்குங்க. ரெண்டு பேரும்."

ஏறி உக்காந்தாரு. ரெண்டு தடவ ஆஃப் ஆச்சு. மூணாவது தடவ கெளம்பி, என் மொபெட்டு வேகத்துல ஊந்துகினு போனாரு. பாலம் தாண்டி கண்ணுக்கு மறஞ்சாரு. நாங்க நின்னுகினு இருந்தோம். கொஞ்ச நேரம் கழிச்சி, தூரத்துல, முழுசா தொறந்த சத்தம். மெக்கானிக்கு கண்ண மூடிகினு கேட்டாரு. "தேர்டு கியருங்க... இப்ப ஃபோர்த்து"ன்னாரு, பாட்டுக் கச்சேரி கேக்குறவரு மாதிரி.

ஒரு மணி நேரம் ஆளு வர்ல. அந்த ஒரு மணி நேரத்துல எனக்கு வேல போனா இன்னா பண்றதுன்னு மூணு தொழில் யோசிச்சி வெச்சிட்டேன். மூணும் கடல மாவ வெச்சித்தான்.

வந்தாரு. முடி எல்லாம் நட்டுகினு நிக்குது, சட்ட வேர்வையில தொப்பலா நனஞ்சி கீது. டெலிவரி பேப்பர நீட்டுனேன். கையெழுத்து போட்டாரு. அதுக்கு கீழ ஒரு கட்டம் உண்டு: சரக்கு எந்த நெலைமையில வாங்கப்பட்டதுன்னு. அங்க அவரு 'எண்ணெய்', 'பிரேக்'னு ரெண்டு வார்த்த எழுதுனா போதும், என் கதை முடிஞ்சுது. மேனேஜரு என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துகினு நின்னாரு.

பேனாவ வெச்சிகினு யோசிச்சாரு. எழுதுனாரு.

மேனேஜரு பேப்பர வாங்கி ரெண்டு தடவ படிச்சாரு. "இது இன்னா சார், இந்தக் கட்டத்துல குட் கண்டிஷன், டேமேஜ்னு ஏதாவது தான் எழுதுவாங்க. 'நல்லா ஓடுது'ன்னு போட்டிருக்கீங்க?"

"ஓடுதே"ன்னாரு அவரு.

மேனேஜரு என்ன பாத்தாரு. நான் சீலு எடுத்து, மையில நல்லா அமுக்கி, சொந்தக்காரரு மனசு மாறுறதுக்குள்ள குத்திட்டேன்.