அம்மாவின் ஷியாட்சுப் பாடம்

வளைகுடாவுக்குப் பிழைக்க வந்த எங்களுக்கு அல் குசைஸில் இருந்தது ஒரே அறை. அம்மா ஒரு ஹோட்டல் ஸ்பாவில் சேர்ந்த புதிதில், ஷியாட்சு என்கிற ஜப்பானிய மசாஜை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். கைவேலை மட்டும் போதாதாம். வருகிறவர்கள் கேட்டால் அதன் வரலாற்றையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டுமாம். அதனால் கட்டட வேலை சைட்டிலிருந்து வந்ததும் அப்பா தரையில் குப்புறப் படுப்பார். அம்மா அவர் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே பாடத்தை ஒப்பிப்பாள். "ஆகா, சொர்க்கம்டி" என்பார் அப்பா. கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு முன்பே எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சொந்தக்காரர்களிடம் மட்டும் அம்மாவுக்கு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். மசாஜ் என்று தெரிந்தால் வேலையை விடச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். இந்த ரகசியத்தை என்னிடம் சொல்லி வைக்கத்தான் மறந்துபோனார்கள்.

ஒரு விடுமுறை நாளில் அப்பாவின் அக்காவும் மாமாவும் அஜ்மானிலிருந்து பிரியாணி சாப்பிட வந்தார்கள். "பாப்பா, படிச்சது ஏதாச்சும் ஒப்பிச்சுக் காட்டு" என்றாள் அத்தை. விடுவேனா? அத்தைக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே ஆரம்பித்தேன். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது அன்மா என்கிற பழைய மசாஜ். நெடுங்காலம் அங்கே கண் தெரியாதவர்கள் அதைச் செய்து பிழைத்தார்கள். போன நூற்றாண்டில்தான் அதிலிருந்து விரலால் அழுத்துகிற ஷியாட்சு தனியாக வளர்ந்தது. "இது அம்மா வேலைக்குப் படிச்சது. ஸ்பாவுல எல்லாருக்கும் அம்மாதான் அமுக்கிவிடுறாங்க" என்று பெருமையாக முடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. மாமா தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"என்னடா இது?" என்று அத்தை அப்பாவைக் கேட்டாள்.

"எனக்கே இப்பத்தான்க்கா தெரியும்" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா முதுகுலதானே…" என்று ஆரம்பித்த என்னை அம்மா இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணி, அவருக்குத் தெரியாது. நான் லேடீஸுக்கு மட்டுந்தான் செய்யிறேன். விட மாட்டேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அத்தை முகம் கொடுக்காமல் கிளம்பிப் போனாள். அம்மா என்னைத் திட்டவில்லை. வேலையையும் விடவில்லை. மறுநாள் அப்பா வழக்கம்போலக் குப்புறப் படுத்தார். அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு போய் அரிசி களைந்தாள். அடுத்த நாளும் அப்படியே. பாவம், அம்மாவுக்குப் பாடம் மறந்துவிட்டது போல என்று நினைத்து, நான் அவள் பக்கத்தில் போய் நின்று "சீனாவிலிருந்து ஜப்பானுக்கு…" என்று அடி எடுத்துக் கொடுத்தேன்.