உச்சியின் புது முழங்கால்

பெயிண்டர்கள் மத்தியில் அவனுக்கு உச்சி என்றுதான் பெயர். உயரமான கட்டடத்துக்குச் சாரம் கட்டி முடித்து, மேல் தட்டுக்கு யார் போகிறீர்கள் என்று மேஸ்திரி கேட்டு வாயை மூடுவதற்குள் இவன் பிரஷ்ஷை இடுப்பில் செருகிக்கொண்டு பாதி தூரம் ஏறியிருப்பான். "கீழ நின்னா தூசியும் மேஸ்திரி வாயும்தான் மேல விழும். மேல போனா காத்தாவது வரும்" என்பான். வருஷக்கணக்கில் பிழைப்பு அப்படித்தான் ஓடிற்று.

சாரத்தில் நடப்பவனுக்கு ஒரே ஒரு படிப்புதான் உண்டு. காலை வைத்த பலகை மயிரிழை அமுங்கினாலும் அந்த நொடியே உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்க ஆரம்பித்தால் ஆள் தரையில் கிடப்பான். உச்சிக்கு அது ரத்தத்திலேயே ஊறியிருந்தது. கூடவே வேலைக்கு வந்துகொண்டிருந்த தம்பிக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பிறந்து ஒரே சாரத்தில் தொழில் பழகியவர்கள்.

அந்த நாள் பலகை அமுங்கவில்லை, நேராக முறிந்தே போயிற்று. உச்சி எப்படியோ குறுக்குக் கம்பு ஒன்றை ஒற்றைக் கையால் பற்றிக்கொண்டு தொங்கினான். பக்கத்துப் பலகையில் இருந்த தம்பி, "அண்ணே!" என்று அலறிக்கொண்டே மண்டியிட்டுக் கையை நீட்டினான். விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அப்போது பார்த்துத் தம்பியின் முழங்காலுக்கு அடியில் இருந்த பலகையும் லேசாக அமுங்கியது. நீட்டிய கை சட்டென்று பின்னால் போயிற்று. பாவி, அவன் என்ன வேண்டுமென்றா செய்தான்? உடம்பு தானாகச் செய்த வேலை அது. ஆனால் பிடி வழுக்கிக் கீழே போகும்போது உச்சியின் கண்ணில் கடைசியாகப் பட்டது அந்தக் கைதான்.

இடது கால் முழங்காலுக்கு மேலேயே போயிற்று. உயிர் தங்கியதே பெரிது என்றார்கள். தங்கிய உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எவரும் சொல்லவில்லை. வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. குறுகலான, செங்குத்தான படிக்கட்டு. முதலில் கொடுத்த சாதாரணச் செயற்கைக் கால் சமதரையில் ஏதோ ஒப்பேற்றியது. படியில் இறங்கினால் முழங்கால் படக்கென்று மடங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட பிறகு உச்சி அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். அப்புறம் வெளியே போக வேண்டுமென்றால் தம்பியின் முதுகுதான்.

தம்பி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வெளியூர் வேலை வந்தால் வேண்டாம் என்றுவிடுவான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "அண்ணன் நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். கட்டடம் முழுக்க அவன் புகழ்தான். "கூடப்பொறந்தவன்னா இப்படி இருக்கணும்" என்று உச்சியின் மனைவி வாய்க்கு வாய் சொல்வாள். கேட்கும்போதெல்லாம் உச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்தக் கையைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் தம்பி உடைந்துபோவான் என்று பயம். அந்த முதுகில் ஒட்டிக்கொண்டு படி இறங்கும்போது தம்பியின் வேர்வை வாடை முகத்தில் அடிக்கும். பாசமும் பொங்கும், அப்படியே கழுத்தை நெரித்துவிடலாம் போலவும் இருக்கும்.

இப்படி இருக்கையில்தான் செயற்கைக் கால் பொருத்தும் நிலையத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் கணினி வைத்த முழங்கால் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தார். இருப்பது ஒன்று, காத்திருப்பவர்கள் ஏகப்பட்ட பேர். டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் போட்டுப் பழகுங்க. கடைசியில யார் கையையும் பிடிக்காம எங்க மாடிப்படியில இறங்கிக் காட்டணும். இறங்கினா உங்களுக்கு. இல்லேன்னா அடுத்தவருக்கு. அதுவரைக்கும் வீட்டுப் படியில விஷப்பரீட்சை எல்லாம் வேண்டாம்."

உச்சிக்கு வேண்டியதும் அதுதான். நடை அழகெல்லாம் அவனுக்கு எதற்கு? தம்பி முதுகைவிட்டு இறங்கினால் போதும். இறங்கிவிட்டால் அந்தக் கையையும் மன்னித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு முடிவு செய்து வைத்திருந்தான்.

முழங்கால் கறுப்பாக, பெரிய டார்ச் லைட் கணக்காக இருந்தது. போனுக்குப் போடுகிற மாதிரி அதற்கும் சார்ஜ் போட வேண்டும். "கரண்ட் போச்சுன்னா நானும் போனேன்" என்று உச்சி சிரித்தான்.

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?" என்று மனைவி திட்டிவிட்டு, பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தாள்.

பயிற்சி கொடுத்த பிசியோ மேடம் சின்னப் பெண்தான். வாய் மட்டும் மேஸ்திரியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். "இதுக்குள்ள எண்ணெய் இருக்கு. நீங்க எடையை வச்சதும் கம்ப்யூட்டர் அந்த எண்ணெயை இறுக்கிப் பிடிக்கும். அதனால முழங்கால் மெதுவாத்தான் மடங்கும். பாதிப் பாதம் படிக்கு வெளிய நிக்கிற மாதிரி வைங்க. உடம்பு மொத்தத்தையும் அது மேல போடுங்க. அதுவே உங்களைக் கீழ இறக்கி விட்டுடும்."

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. காலை வைத்தான். முழங்கால் அமுங்கியது. உடம்பு வெடுக்கென்று பின்னால் வந்துவிட்டது. மறுபடி வைத்தான், மறுபடியும் அதே கதைதான்.

"அமுங்கினா பயப்படாதீங்க சார். அமுங்கினாத்தான் அது தாங்குதுன்னு அர்த்தம். இன்னும் நல்லா மிதிங்க."

"அமுங்குற எடத்துல நல்லா மிதிச்சவன் எவனும் எங்க தொழில்ல உயிரோட இல்ல மேடம்."

"இது பலகை இல்லையே!"

"எனக்குத் தெரியுது. என் இடுப்புக்குத் தெரியலையே, நான் என்ன பண்ண?"

வாரக்கணக்கில் இதே கூத்து. தொடையைச் செருகும் கிண்ணத்துக்குள் சதை உரசிப் புண்ணாகி ரத்தம் கசிந்தது. இல்லாத பாதத்தின் கட்டைவிரல் உயிர் போகிற மாதிரி வலித்தது. ஒருநாள் கைப்பிடிக் கம்பியை ஓங்கி அறைந்தான். இன்னொரு நாள் படியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். பிசியோ மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அப்புறம் ஒரு காலையில், இனி முடியாது என்ற நிலையில், "விழுந்தா விழுந்துட்டுப் போறேன்" என்று மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டான். முழங்கால் அமுங்கியது. அமுங்கிக்கொண்டே தாங்கியது. வலது கால் பூப்போல அடுத்த படியில் போய் நின்றது. உச்சிக்கு நம்பவே முடியவில்லை. திரும்ப ஏறி மறுபடி இறங்கினான், பிசியோ மேடம் போதும் போதும் என்று கத்துகிற வரைக்கும் இறங்கினான். சாரத்தில் முதன்முதலாக ஏறிய அன்றுகூட அவனுக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

தம்பி இதையெல்லாம் பார்க்கவில்லை. அண்ணனை நிலையத்தில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுவான், சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவான். முழங்கால் அமுங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. உச்சியும் சொல்லவில்லை. ஒரேயடியாக இறங்கிக் காட்டி அவனை மலைக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

இறங்கிக் காட்ட வேண்டிய நாளும் வந்தது. தம்பி லீவு போட்டுவிட்டு அண்ணியோடு வந்திருந்தான். டாக்டர் படிக்கட்டின் தலைமாட்டில் நின்றார். யாரும் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் சொன்னார். அண்ணி கீழேயே நின்றுகொண்டாள். தம்பிக்கு அங்கே நிலைகொள்ளவில்லை. "சும்மா பக்கத்துல நிக்கிறேன் சார், தொட மாட்டேன்" என்று நாலைந்து படி ஏறி வந்து நின்றான்.

உச்சி பாதத்தை விளிம்பில் வைத்தான். தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். எடையைப் போட்டான்.

முழங்கால் அமுங்கியது. அண்ணன் உடம்பு கீழே சரிவது தம்பி கண்ணில் பட்டது. அவ்வளவுதான். "அண்ணே!" என்று அலறிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி, இரண்டு கையாலும் உச்சியின் இடுப்பைச் சேர்த்துக் கட்டி மேலே தூக்கினான். எடை போன கால் அந்தரத்தில் ஆடியது. "விடுடா!" என்று உச்சி கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. இருவரும் கட்டிப் பிடித்தபடியே உருண்டார்கள். கீழே போய் விழுந்தபோது உச்சியின் வலது கணுக்கால், இருந்த ஒரே நல்ல கணுக்கால், இரண்டு உடம்புக்கும் அடியில் மாட்டியிருந்தது. அது முறிந்த சத்தம் மனைவிக்கே கேட்டது.

மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். கணுக்கால் சேர மாதக்கணக்காகும், அதுவரை முழங்காலைச் சும்மா போட்டு வைக்க முடியாது, வரிசையில் ஆள் இருக்கிறது, அடுத்தது வந்தால் கட்டாயம் கூப்பிடுகிறோம் என்றார். அடுத்தது எப்போது வரும் என்று உச்சி கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் சொல்வார்கள். முழங்காலைக் கழற்றிய பிசியோ மேடம், "நீங்க சரியாத்தான் இறங்கினீங்க சார்" என்றாள்.

மனைவி மாத்திரை வாங்கப் போனாள். கட்டுப்போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணனும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். தம்பி தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"விழப்போறீங்கன்னு நெனச்சிட்டேண்ணே. சத்தியமா அப்படித்தான் தெரிஞ்சுது. இந்தத் தடவையாவது பிடிச்சிடணும்னு..."

இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த உச்சிக்கு அந்த இடத்தில் பொறுமை விட்டுப்போயிற்று.

"பிடிக்க வேண்டிய அன்னைக்குக் கையை இழுத்துக்கிட்ட. விட வேண்டிய இன்னைக்கு ஓடி வந்து பிடிக்கிற. நான் உனக்கு என்னடா பாவம் பண்ணேன்?"

தம்பியின் அழுகை நின்றுபோயிற்று. முகத்தில் ரத்தமே இல்லை.

"பாத்தீங்களா?" என்றான்.

உச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீங்க பாக்கலேன்னு நெனச்சிட்டு இருந்தேன். அந்த நெனப்புலதான் இத்தனை நாளா உங்க மூஞ்சியில முழிச்சேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தம்பி அதை நம்பவும் தயாராகத்தான் இருந்தான். உச்சிக்கு அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்தது.

"பாத்தேன்டா" என்றான்.

மனைவி மாத்திரைப் பையோடு வந்தாள். "என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? ஆனது ஆச்சு. தம்பி, அண்ணனைத் தூக்குப்பா, வீட்டுக்குப் போவோம்."

தம்பி எழுந்தான். அண்ணனுக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக் குனிந்தான். உச்சி கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏறாமல் எங்கே போவது? கையை எடுத்துத் தம்பியின் தோளில் போட்டான். தம்பி தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் அழுகிற சத்தம் வெளியே வரவில்லை. முதுகு குலுங்குவது மட்டும் உச்சியின் நெஞ்சுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.