கேப்பைப் பசை

திண்டிவனத்தில் மகள் படிக்கும் பள்ளியின் கோடை விழாவுக்குப் பெற்றோர்கள் நாங்களே தோரணம் ஒட்டுகிறோம். பசை காய்ச்சும் வேலை என்னுடையது. மாவு கொதித்து வாசனை எழுந்ததுமே நான் சின்ன வயதில் படித்த கெடார் பள்ளிக்கூடத்துக்கு நினைவில் போய்விட்டேன்.

அங்கேயும் ஒரு விழாவுக்கு ஆளுக்கொரு டப்பா பசை கேட்டிருந்தார்கள். வீட்டில் மைதா இல்லை. அம்மா கேப்பை மாவில் காய்ச்சிக் கொடுத்தாள். நான் ஒட்டிய தோரணம் மட்டும் பழுப்பேறி நின்றது. மத்தியானம் எங்கள் ஆடு உள்ளே புகுந்து, அதை முதலில் நக்கிப் பார்த்தது. பிறகு மொத்தத்தையும் இழுத்துத் தின்றது.

“யார் வீட்டு ஆடு இது?” என்று டீச்சர் கத்தினார். நானும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து அக்கம்பக்கம் பார்த்தேன். ஆட்டைத் தேடிக்கொண்டு வந்த அம்மா, வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியலீங்க டீச்சர், யார் வீட்டு ஆடோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பாழாய்ப்போன ஆடு, கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடியது.

“பசை சூப்பரா இருக்குதுங்க. யார்கிட்ட கத்துக்கினீங்க?” என்றார், திண்டிவனத்தில் என் பக்கத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவர்.

“எங்கம்மாகிட்டங்க. அவங்க காய்ச்சின பசைய ஒரு ஆடு தோரணத்தோட தின்னுடுச்சு” என்றேன். பசையைக் கிண்டிக்கொண்டே சொன்னேன்: “எங்க ஆடுதாங்க.”