உடையாத சிலேட்டுக்கு விழுந்த ஓட்டுகள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் தொடங்கிய வருஷம், அதற்குக் காரியதரிசி ஆக வேண்டும் என்று நான் பட்ட ஆசையை வீட்டில்கூடச் சரியாகச் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம். எனக்கு எதற்கும் பயம்தான். ரப்பர் பால் வாளியை மூடிவிட்டு நாலு தடவை திரும்பிப் பார்க்கிறவன் நான். ஆனால் எங்கள் லயத்து வீட்டு வரிசைகளில் தமிழ்ப் பேப்பரைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்தால் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். காரியதரிசி என்றால் வேறு யார்?

அந்த நினைப்பில் மண் போட்டவன் தங்காக் ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாறி வந்த ஒரு பால்மர வெட்டுக்காரன். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். வந்த மூன்றே மாதத்தில் கிழவர்களுக்குக்கூட 'அண்ணன்' ஆகிவிட்டான். ரப்பர் விலை விழுந்து, வேலையில்லை என்று ஆட்களைக் கப்பலேற்றிப் பிறந்த ஊருக்கே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்தது யார் என்பதுதான் எல்லா லயத்திலும் பேச்சு.

மழை நாளில் பாலுக்காக மரம் வெட்ட முடியாது. வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு ஸ்டோர் ஓரம் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் நான் சங்க விதிகளை மனப்பாடம் செய்தேன். அவன் ஒவ்வொருவர் பக்கமாகப் போய் உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் என் பக்கமும் வந்தான்.

"இவ்ளோ நல்லா வாசிக்கிறீங்களே தம்பி, ஏன் மூணோட நின்னீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வேலையில் இன்னொரு கை தேவைப்பட்டது. ஒரு காலையில் "இன்னிக்குப் புல்லு வெட்டப் போ" என்றார், போனேன். பாதிக் கணக்கோடு நான் விட்டுவிட்டு வந்த சிலேட்டை வாத்தியார் துடைக்காமல் பள்ளிக்கூட ஜன்னலில் பல நாள் வைத்திருந்தார். அந்த வழியாகப் போகும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல அண்ணே."

ஓட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம், வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் நடந்தது. பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் அவன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இரண்டு நாள் தூங்கவில்லை. ஆளுக்கொரு ரப்பர் விதை. துணி மறைப்புக்குப் பின்னால், மரத்தில் பால் பிடிக்கும் மங்கு இரண்டு. வெள்ளைத் துணி கட்டியது எனக்கு, சிவப்பு அவனுக்கு.

முதலில் நான் பேசினேன். "பெரியோர்களே, இச்சங்கத்தின் நோக்கங்கள் யாதெனில்..." என்று தொடங்கினேன். பின்வரிசையில் ஒரு பெண், "ஆத்தாடி, ஆபீசு கிராணியாரு பேரு கூப்பிட வந்துட்டாருடி" என்றாள். கொட்டகையே சிரித்தது. ஐந்தாவது விதியோடு நிறுத்திக்கொண்டேன்.

அவன் எழுந்தான். "எனக்குப் படிப்பு கெடையாதுங்க. அதனால பொய் பேசவும் வராது." அதற்கே கைதட்டல். "காடழிச்சது யாரு? நாம. கப்பலேறுறது யாரு? நாம. நேத்து வந்த காண்ட்ராக்ட்டு ஆளுங்க மட்டும் இங்கயே சோறு தின்பாங்களா?" அந்தக் காண்ட்ராக்ட் ஆட்களும் எங்களைப்போலக் கஞ்சி குடித்தவர்கள்தான். அது அப்போது யாருக்கும் நினைவில் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இந்தத் தோட்டத்துல ஒரு பய படிச்சான். காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல துரை பாத்துட்டாரு. கூலிக்காரன் மவனுக்கு எதுக்குடா சிலேட்டுன்னு புடுங்கி, பூட்சுக் காலால ஒரே மிதி. போட்ட கணக்குப் பாதியிலயே நொறுங்கிப்போச்சு. அந்தப் பய யாருன்னு சொல்ல மாட்டேன். உங்க ஒவ்வொருத்தர் வீட்லயும் இருக்கான்."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "எம் மவனும் இப்படித்தான் கெட்டான்" என்று ஒருவர் எழுந்தே சொன்னார். அவர் மகனின் சிலேட்டை எந்தத் துரையும் மிதித்ததில்லை.

நான் பாதி எழுந்தேன். அது என் சிலேட்டு, உடையவே இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், பிறகு உன்னை நிறுத்தியது யார் என்று கேட்பார்கள். செத்துப்போன அப்பாவை அத்தனை பேர் முன்னால் எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவது? அதைவிட வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. என் கதையை நானே சொல்லியிருந்தால் ஒரு கண்கூட நனைந்திருக்காது. உட்கார்ந்துவிட்டேன். மறைப்புக்குப் பின்னால் என் விதையை வெள்ளையில்தான் போட்டேன். அதற்குள் கை ஒரு தடவை சிவப்புப் பக்கம் போய் வந்தது.

எண்ணுவதற்கு வேலையே இல்லை. சிவப்பு மங்கு நிறைந்து விதைகள் தரையில் உருண்டன. என்னுடையதில் அடி மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி நடக்கும்போது என் மனைவியிடம் கேட்டேன், எதில் போட்டாய் என்று. அவளுக்கு மறைக்க வராது.

"செவப்புலதாங்க. கோவிச்சுக்காதீங்க. அந்தப் பயலுக்காகத்தான் போட்டேன்."

"அந்தப் பய நான்தான்."

அவள் நின்றுவிட்டாள். "அலாமாக்! இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? ஊரான் வாயால கேக்க வச்சிட்டீங்களே. நீங்க சொல்லியிருந்தா வெள்ளையில போட்டிருப்பேன்ல." கொஞ்ச தூரம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், "தொர மிதிச்சப்ப ரொம்ப அழுதீங்களா?"

அவள் என்னிடம் அப்படிப் பேசி வெகு நாளாகியிருந்தது.

"அழுதேன்" என்றேன்.

அவனுக்கு எழுதத் தெரியாததால் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க தம்பி" என்பான். அன்றைய பேச்சையும் பூட்ஸோடு சேர்த்து என் கையால்தான் எழுதினேன். அவன் ஜெயித்த பிறகும் ஆட்கள் கப்பலேறத்தான் செய்தார்கள், ஏறும்போதுகூட அவன் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். என் பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது அடுத்த அறையில் இருந்து கேட்டிருக்கிறேன். அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, அச்சு அசலாக அவனைப்போலவே சொல்வாள்.