கூடத்தில் நின்ற கூட்டம்

முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எழுபத்தெட்டு வயதில் விழித்திரை பழுதாகி, பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஆனாலும் தன் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன் என்று ஒரே பிடிவாதம். பகலில் பார்த்துக்கொள்ள மகள் என்னை வைத்தாள்.

முதல் நாளே கவனித்தேன். காலிக் கூடத்தை மனிதர் நேராகக் கடப்பதில்லை. தோளைக் குறுக்கி, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து போவார். அப்படிப் போய் இரண்டு முறை விழுந்தும் இருக்கிறார். போதாக்குறைக்கு, "உள்ளே தள்ளிப் போங்க, வழியில நிக்காதீங்க" என்று வெறுங்காற்றை அதட்டல் வேறு. அது மகள் காதிலும் விழுந்தது. மறுநாளே அவள் கைப்பையில் ஒரு முதியோர் இல்லத்தின் படிவம்.

"யாரை விரட்டுறீங்க, கண்டக்டரே?"

"யாருமில்ல."

"யாருமில்லாததுக்கா வயித்தை எக்குறீங்க?"

குரலைத் தாழ்த்தினார். "நாப்பது பேர் நிக்கிறாங்கம்மா. மககிட்ட சொல்லிடாதீங்க. பைத்தியம்னு கொண்டுபோய் விட்டுடுவா."

"பேசுறாங்களா?"

"மூச்சு விடல. அதான் எனக்கே சந்தேகம். நாப்பது பேர் ஏறி, ஒருத்தர்கூட கண்டக்டரைத் திட்டாத பஸ் உண்டா?"

புத்தி தெளிவாகத்தான் இருந்தது. டாக்டர் வாயாலேயே மகள் கேட்கட்டும் என்று அவரைச் சம்மதிக்கவைத்து, அவளையும் கூட்டிக்கொண்டு கண் மருத்துவரிடம் போனோம். கண் அனுப்பாததை மூளை தானே இட்டு நிரப்புகிறது, இது பைத்தியமில்லை என்றார் அவர்.

"சரி டாக்டர். இன்னொரு தடவை விழுந்தா?" என்றாள் மகள். நியாயமான கேள்வி.

வீட்டுக்கு வந்ததும், "அதான் பொய்னு தெரிஞ்சுபோச்சே, ஊடே நேரா நடங்க" என்றேன்.

"பொம்பளைங்க நிக்கிறாங்க! இடிச்சிக்கிட்டா போகச் சொல்றீங்க?"

அறிவுக்குப் புரிந்தது காலுக்கு எட்டவில்லை. காலோடு வாதாடி யார் ஜெயித்தது? வெல்டரைக் கூப்பிட்டு, கூடத்துச் சுவர் நெடுக இடுப்புயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொன்னேன். கண்ணை மூடினால் கூட்டம் காலி என்பதை அவரே கண்டுபிடித்தார். கம்பி கைக்கு வந்தது. ஓடுகிற பஸ்ஸிலேயே நடந்த கால், நிற்கிற வீட்டில் நடக்காதா? கண்ணை மூடிக்கொண்டு நேராக நடந்தார். ஒரு மாதம் விழவே இல்லை.

மகள் வந்து நின்று பார்த்தாள். கூடத்தில் அப்பாவை மூன்று நடை நடக்கவிட்டுப் பார்த்தாள். பிறகு படிவத்தை நாலாகக் கிழித்தாள்.

"இப்பவும் நிக்கிறாங்களாப்பா?"

கண்ணைத் திறந்தார். "நிக்கிறாங்களே. உன்னை ஒட்டியே பச்சைக் குடையோட ஒரு அம்மா."

படித்த பெண், மருத்துவர் சொன்னதையும் கேட்டவள், ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.